சேனை தொட்டவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: என் மகள் நன்றாக இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்தில்தான் படுத்திருக்கிறாள். கட்டைவிரலை வாய்க்குள் கொண்டுபோகப் பார்த்து, மூக்கில் குத்திக்கொண்டு, யார் மேலோ கோபப்படுகிறாள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மருத்துவமனை நடைபாதையில் உட்கார்ந்திருந்த நாட்களில் குறைமாதக் குழந்தைகளைப் பற்றி யார் எழுதியது கிடைத்தாலும் நான் நேரே கடைசிப் பத்திக்குத்தான் போவேன். பிள்ளை பிழைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே வருவேன். நீங்களும் அப்படி ஒரு கதவைப் பார்த்துக்கொண்டு, கைப்பேசியில் இதைத் தள்ளித் தள்ளிப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கு அந்தப் பாடு வேண்டாம். நிதானமாக வாருங்கள்.

நான் அம்பாசமுத்திரத்தில், எங்கள் பேச்சில் அம்பையில், ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு வேதியியல் எடுக்கிறேன். கணவருக்குத் திருநெல்வேலி பேட்டையில் சின்ன லேத் பட்டறை. தினமும் ரயிலில் போய் வருவார். கல்யாணமாகி மூன்றாவது வருடம் உண்டான பிள்ளை. வளைகாப்புக்கு நாள் குறித்து, வளையல்கூட வாங்கி வைத்தாகிவிட்டது.

ஏழாவது மாதத்தில் கால் வீங்கியது. நின்றுகொண்டே பாடம் நடத்துவதால் என்று நினைத்தேன். தலை வலித்தது. விடைத்தாள் திருத்துவதால் என்று நினைத்தேன். மாத்திரை போடலாமா, அது பிள்ளைக்கு ஆகுமா, டாக்டரைக் கேட்கலாமா, இதற்கெல்லாம் போய்க் கேட்டால் சிரிப்பார்களோ என்று பாதி நாள் யோசித்தேன். நான் அப்படித்தான். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை போய்த் திரும்பி வந்து பார்க்கிறவள். கரும்பலகையில் எழுதிய எண்கள் மினுக்மினுக்கென்று ஆடத் தொடங்கியபோதுதான் ஒரு பிள்ளை ஓடிப்போய்த் தலைமையாசிரியரைக் கூட்டி வந்தது.

அம்பையில் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. ரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்தது. சில பெண்களுக்குக் கர்ப்பத்தின் பாரத்தில் இப்படி ஆகும். விட்டால் வலிப்பு வரும். மாத்திரையால் கொஞ்ச நேரம் தள்ளிப்போடலாமே தவிர, பிள்ளை வெளியே வந்தால்தான் தீரும். பிள்ளையின் நுரையீரல் சீக்கிரம் பக்குவப்படுவதற்காக எனக்கு ஓர் ஊசி போட்டு, ஆம்புலன்ஸில் ஏற்றித் திருநெல்வேலிக்கு அனுப்பிவிட்டார். அம்மா கூட வந்தாள். வழி முழுக்க என் கையை விடவில்லை.

நாங்கள் போய்ச் சேரும்போது கணவர் மருத்துவமனை வாசலில் நின்றார். பட்டறைச் சட்டை, முழங்கை வரை கிரீஸ்.

"ஏளா, ஒண்ணும் ஆவாது. பயப்படாத."

"நீங்க பயப்படுதியளா அத்தான்?"

"நான் எதுக்குப் பயப்படுதேன்?" என்றார். ஸ்ட்ரெச்சரைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியதில் அதன் கம்பி கடகடவென்று சத்தம் போட்டது.

அறுவை சிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். துணித்திரைக்கு அந்தப் பக்கம் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரே ஒரு சத்தம் கேட்டது. "பெண் குழந்தை" என்றார்கள். நான் திரும்பிப் பார்ப்பதற்குள் கொண்டு போய்விட்டார்கள்.

மறுநாள் சக்கர நாற்காலியில் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிப் போனார்கள். உள்ளே நுழையுமுன் முழங்கை வரை கை கழுவ வேண்டும். கழுவினேன். சரியாகக் கழுவினேனா என்று சந்தேகம் வந்து மறுபடி கழுவினேன். மூன்றாவது முறை குழாயைத் திறந்தபோது உள்ளேயிருந்து ஜெசிந்தா சிஸ்டர் வந்தார். அந்தப் பிரிவின் மூத்த செவிலியர். பாளையங்கோட்டைக்காரர்.

"போதும்மா. தோலு உரிஞ்சிரும். பிள்ள காத்துக்கிட்டு இருக்கா, வாங்க."

மேலேயிருந்து சூடு இறங்கும் ஒரு திறந்த தொட்டிலில் கிடந்தாள். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். நான் வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போகும் புத்தகக் கட்டு அதைவிடக் கனம். தோல் வழியே ரத்தம் ஓடுவது தெரிந்தது. மூக்கில் ஒரு குழாய், வாயில் ஒரு குழாய், தொப்புளில் ஒன்று, காலில் சிவப்பு விளக்கு எரியும் ஒரு பட்டை. என் பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று அதற்குள் தேட வேண்டியிருந்தது.

சிஸ்டர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மூக்குக் குழாய்க்கு சி-பாப் என்று பெயர். விடாமல் காற்றை உள்ளே தள்ளி, நுரையீரலின் சின்னச் சின்னப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். காலில் இருக்கும் பட்டை ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் என்று காட்டும். "பிறந்த உடனே நெஞ்சுக்குள்ள சர்பாக்டன்ட்னு ஒரு மருந்து விட்டோம்" என்று அவர் சொன்னதும் நான் நாற்காலியில் நிமிர்ந்துவிட்டேன்.

"பரப்பு இழுவிசையக் குறைக்கதுக்குத்தானே சிஸ்டர்? சோப்புத் தண்ணி மாதிரி!"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். வருடா வருடம் தண்ணீரில் ஊசியை மிதக்கவிட்டு, ஒரு சொட்டு சோப்பு விட்டதும் அது மூழ்குவதைக் காட்டுவேன். மாணவர்கள் கை தட்டுவார்கள். அதே விஷயம் இப்போது என் மகளின் நெஞ்சுக்குள் நடந்துகொண்டிருந்தது! வயிற்றில் தையலோடு, அழுதுகொண்டே, அந்த அம்மாளுக்குப் பரப்பு இழுவிசைப் பாடம் நடத்தினேன். சந்தோஷமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

அப்போது அவள் கொட்டாவி விட்டாள். அத்தனை குழாய்களுக்கு நடுவே, வாயை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, சாயங்கால ரயிலை விட்டு இறங்கும் அவள் அப்பாவைப் போலவே. நான் "அத்தான்!" என்று கத்தியதில் அடுத்த தொட்டில் பிள்ளை துள்ளியது.

"மெதுவா, மெதுவா" என்றார் சிஸ்டர். ஆனால் அவரும் சிரித்துவிட்டார்.

வெளியே நடைபாதையில் அதற்குள் வேறொரு விவகாரம் தொடங்கியிருந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்ததும் சேனை தொட்டு வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பது. தொட்டு வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். யாராவது அடாவடி செய்தால் "ஒனக்கு யாருலே சேனை தொட்டது?" என்றுதான் கேட்பார்கள். அதனால் தொடுகிற ஆளைப் பார்த்துத்தான் பிடிப்பார்கள்.

ஆழ்வார்குறிச்சியிலிருந்து கணவரின் அக்கா வந்து இறங்கியிருந்தாள். எனக்கு மதினி. அவள் இருக்கும் இடத்தில் இன்னொருவர் பேசுவதற்கு இடைவெளி கிடைக்காது.

"பிள்ள பிறந்து ஒரு நாளு ஆவுது, இன்னும் நாக்குல ஒரு சொட்டு வைக்கல. என்ன ஆஸ்பத்திரிளா இது? தாசில்தார் மாமாவ வரச் சொல்லியாச்சு. தேனு பாவநாசத்துல இருந்து, மலைத்தேனு."

"தாசில்தார் மாமா தொட்டு வச்ச பயலுவள்ல பாதிப்பேரு வேலையில்லாமத் திரியுதான்" என்றார் கணவர்.

"ஏலே, வாய மூடு. மீதிப்பேரு பேங்க்ல இருக்கான்லா?"

நானும் சரியென்றுதான் சொன்னேன். தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்ற அந்த மாமா அதிராத மனிதர், ஒரு முடிவெடுத்தால் மாற்றாதவர். என் மகள் அவரைப்போல இருந்தால் எவ்வளவு நல்லது! தேன் ஆகுமா ஆகாதா என்ற கேள்வி, எதையெல்லாமோ யோசிக்கிற எனக்கு, அப்போது தோன்றவே இல்லை.

மாமா சலவை வேட்டியும் வெள்ளிக் கிண்ணமுமாக வந்தார். பிரிவின் கதவில் சிஸ்டர் நின்றார்.

"ஐயா, தேனெல்லாம் உள்ள வராது."

"ஒரு சொட்டுதான். நான் தாலுகாவையே பாத்தவன், தங்கச்சி."

"இங்கன நாங்கதான் தாசில்தாரு, ஐயா. ஒரு சொட்டும் கூடாது. நிறைமாசப் பிள்ளைக்கே தேன் ஆவாது, அதுல உள்ள கிருமி பிள்ளைக்கு விஷம். இது குறைமாசம். குடல் காகிதம் மாதிரி இருக்கும்."

மதினி வாயைத் திறப்பதற்குள் மாமா கையைத் தூக்கி அவளை நிறுத்தினார். "அவங்க சொல்லுததுதான் சட்டம்" என்றார். பிறகு, நல்ல தேனை வீணாக்குவானேன் என்று, பெஞ்சில் உட்கார்ந்து கிண்ணத்தை அவரே விரலால் வழித்துத் தீர்த்தார். கணவர் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். வந்ததிலிருந்து அப்போதுதான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

கதவை மூடப்போன சிஸ்டர் என்னைப் பார்த்தார். "சேனைதான வேணும்? அவ அம்மாவோட சீம்பாலு இருக்கு. கொண்டு வாங்க, வைப்போம்."

சீம்பால் என்பது முதல் சில நாட்களில் வரும் கெட்டியான மஞ்சள் பால். அது வர வேண்டுமே! பால் எடுப்பதற்கென்று ஒரு சின்ன அறை இருந்தது. அங்கேதான் ரஹ்மத்தைப் பார்த்தேன். பேட்டைக்காரி, என்னைவிடச் சின்னவள். வீட்டுக்காரர் துபாயில். அவள் பையன் என் மகளுக்கு அடுத்த தொட்டில், நான் கத்தியதில் துள்ளியவன். அவனுடைய வாப்பா தினமும் கைப்பேசியில் மகனைப் பார்ப்பதற்காக இவள் கண்ணாடிச் சன்னலில் போனை ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

என் நிலைமையைப் பார்த்தவள், "மெஷின அப்புறம் பாத்துக்கிடலாம் அக்கா. கையால எடுங்க. பிள்ளய நெனச்சுக்கிடுங்க" என்றாள்.

"நெனச்சா அழுகைதான் வருது."

"அதும் வரட்டும், இதும் வரட்டும். எது முதல்ல வருதுன்னு பாப்போம்."

சிரித்துவிட்டேன். சிரித்ததும் ஒரு துளி வந்தது. மஞ்சளாக, நெய்போல! பிறகு இன்னொன்று. கிண்ணத்தின் அடியை நனைக்கக்கூடப் போதாது. ஆனால் நானும் ரஹ்மத்தும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். "மாஷா அல்லாஹ், தங்கமால்லா இருக்கு" என்றாள். ஆய்வுக்கூடத்தில் எத்தனையோ வீழ்படிவு பார்த்திருக்கிறேன். எதற்கும் அப்படிக் குதித்ததில்லை.

அதை ஊசிக் குழலில் எடுத்துக்கொண்டு உள்ளே போனபோது அந்தப் பிரிவின் டாக்டரம்மா தொட்டில் பக்கத்தில் நின்றிருந்தார். இது குடிப்பதற்கு அல்ல என்றார். பஞ்சுக் குச்சியில் நனைத்துக் கன்னத்தின் உள்பக்கம் தடவுவது. அதிலுள்ள எதிர்ப்புச் சக்தி வாய் வழியாகவே பிள்ளைக்குப் போய்ச்சேரும். "நீங்களே வைங்கம்மா" என்று குச்சியை நீட்டினார்.

நான் கையை நீட்டவில்லை. முதன்முதலாக என் மகள் ருசிக்கப்போவது அது. சேனை தொடுவதேதான். தொடப்போகிறவள் யார்? அடுப்பைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறவள். தலைவலிக்கு மாத்திரை போடப் பாதி நாள் யோசித்தவள். படித்தவள்தான், குணம் விரல் வழியாகப் போகாது என்று தெரியும். தெரிந்தும் சொன்னேன்:

"டாக்டர், நீங்களே வச்சிருங்களேன். உங்க குணம் வரட்டும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் முகக்கவசத்துக்குள் சிரித்தார். "எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். ஸ்கூட்டி ஓட்டத் தெரியாது. வீட்ல கேட்டுப் பாருங்க. பிள்ளைக்கு அதெல்லாம் வேணுமா?"

குச்சியை வாங்கி நானே வைத்தேன். பஞ்சு கன்னத்தில் பட்டதும் வெற்றிலை நுனி போன்ற ஒரு நாக்கு வெளியே வந்து, தேடி, தடவி, உள்ளே போனது. மறுபடி வந்தது! இன்னும் வேண்டுமாம்! அன்று நடைபாதையில் எத்தனை பேரிடம் அந்த நாக்கைப் பற்றிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். மருந்துக்கடைக்காரரிடம்கூடச் சொன்னேன்.

அடுத்து, வாய் வழியாக வயிறு வரை போகும் மெல்லிய குழாயில் என் பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்கள். ஒவ்வொரு முறையும் விடுவதற்கு முன், முந்தைய பால் செரித்துவிட்டதா என்று இழுத்துப் பார்ப்பார்கள். ஏறிக்கொண்டே போனது. அம்மா அம்பைக்குத் திரும்பிப் போய் எனக்குப் பூண்டுக் குழம்பும் கீரையுமாகச் சமைத்து அனுப்பினாள். கணவரோடு தினமும் ரயிலில் வருகிற சீசன் டிக்கெட் கூட்டம் அந்தத் தூக்குச்சட்டியை முறை வைத்துக் கொண்டுவந்து தந்தது. யாரென்று தெரியாத ஓர் அண்ணாச்சி வார்டு வாசலில் நின்று, "பிள்ள எப்படிம்மா இருக்கா? ரயிலுக்கே சொல்லணும்" என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிறகு ஒரு காலையில், இழுத்த குழலில் பச்சையாக வந்தது. வயிறு உப்பி, தொட்டால் விறைப்பாக இருந்தது. பாலை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டரம்மா மறைக்கவில்லை. குறைமாதப் பிள்ளைகளுக்குச் சில சமயம் குடல் புண்ணாகி அழுகும் ஒரு நோய் வரும். அதுவா, அல்லது பழகாத குடலின் வெறும் மந்தமா என்று எக்ஸ்ரேயும் ரத்தமும் பார்த்துத்தான் சொல்ல முடியும். மந்தம் என்றால் ஓய்வு கொடுத்தால் சரியாகும். அந்த நோய் என்றால் ஆபரேஷன் வரைக்கும் போகலாம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

நடைபாதையில் உட்கார்ந்து என் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் தொட்டிருக்கக் கூடாது. சரியாகக் கை கழுவினேனா? பஞ்சை எங்காவது இடித்தேனா? மாமா தொட்டிருந்தால்? பால் எடுக்கும் நேரம் வந்தும் எழுந்திருக்கவில்லை. குடிக்க ஆளில்லாத பாலை எதற்கு எடுப்பது? ரஹ்மத்தான் வந்து இழுத்தாள். "நிப்பாட்டிராதிய அக்கா. நாளைக்கு அவ பசின்னு கேக்கும்போது இல்லேன்னா என்ன செய்வியோ?" எடுத்தேன். சிஸ்டர் அதை வாங்கி, பெயர் எழுதி, ஃப்ரீசரில் வைத்தார்.

திரும்பி வந்தபோது மதினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதாவது சொல்லப்போகிறாள் என்று உடம்பைக் குறுக்கிக்கொண்டேன். சேனையைப் பற்றி டாக்டரிடம் நான் கேட்டது குடும்பம் முழுக்கத் தெரிந்துவிட்டிருந்தது.

"ஏளா, எனக்கு யாரு சேனை தொட்டது தெரியுமா?"

"தெரியாது மதினி."

"எங்க செல்லையா பெரியப்பா. பத்து வார்த்த பேசினா பதினோராவது வார்த்தைக்குக் காசு கேப்பாங்கன்னு நெனச்ச மனுசன். ஊருல ஊமைப்பிள்ளைன்னுதான் பேரு. பொட்டப்பிள்ள வாயடங்கி வளரணும்னு எங்க அப்பா அவரத் தேடிப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தாவளாம்." நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எப்படி வளந்திருக்கேன் பாத்தியா?"

எதிரே சுவரோடு நின்றிருந்த கணவர்தான் முதலில் வெடித்துச் சிரித்தார். பிறகு நான். தையல் சுரீரென்று இழுத்தது, நிறுத்த முடியவில்லை. மதினி என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "அந்தக் கையில ஒண்ணும் இல்லளா. போட்டு அதையே பாக்காத" என்றாள். அதற்கப்புறம் அவள் நெடுநேரம் பேசவேயில்லை. அவளைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. வெறும் மந்தம். வயிறு இளகியது. என் பாலை மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை நிற்கவில்லை!

அவளுக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. திடீரென்று மூச்சு விட மறந்துவிடுவாள். குறைமாதப் பிள்ளைகளின் மூளைக்கு மூச்சு என்பது இன்னும் பழகாத வேலை. அலாரம் அடிக்கும். உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டினால் "ஓ" என்று ஞாபகம் வந்து இழுப்பாள். இதற்கு மருந்து என்ன தெரியுமா? கபீன். காபியில் இருக்கும் அதே கபீன்! "நம்ம வீட்டுப் பிள்ளதான், சந்தேகமேயில்ல" என்றார், நாளைக்கு ஐந்து காபி குடிக்கும் என் கணவர்.

சி-பாப்பைக் கழற்றியதும் கங்காரு முறை ஆரம்பித்தது. பிள்ளையை வெறும் உடம்போடு நெஞ்சில் வைத்துக் கட்டிக்கொள்வது. என் ரத்த அழுத்தம் அன்று சரியாக இல்லாததால் முதல் வாய்ப்பு அவருக்குப் போனது.

"சட்டையக் கழத்துங்க அண்ணாச்சி" என்றார் சிஸ்டர்.

"இங்கனயேவா?"

"பின்ன, பேட்டையிலயா?"

பட்டறை வாடை போக இரண்டு தடவை குளித்துவிட்டு வந்திருந்தார். அவள் நெஞ்சில் படுத்ததும் சிலைபோல ஆகிவிட்டார். இமைகூட அசையவில்லை.

"மூச்சு விடுங்க அண்ணாச்சி! நீங்க விட்டாத்தான அவளுக்கு ஞாபகம் வரும்."

பைய மூச்சு விட்டார். அவளும் விட்டாள். திரையில் எண்கள் ஒரே நேராக நின்றன. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்துக்கொண்டேயிருந்தேன். பொறாமை இல்லையென்றால் பொய்.

என் முறை வந்தபோது நெஞ்சில் ஒரு சூடான அணில் ஏறிக்கொண்டதுபோல இருந்தது. அந்த ஆனந்தம் அடங்குவதற்குள் அலாரம் அடித்தது. உள்ளங்காலைச் சுண்டத் தெரிந்தும் என் கை எழவில்லை. சிஸ்டர்தான் ஓடி வந்து சுண்டினார். அதற்கப்புறம் நான் அவளைப் பார்ப்பதை விட்டுவிட்டுத் திரையைப் பார்க்கத் தொடங்கினேன். அவள் முகம் சுளித்தால் திரையைப் பார்ப்பேன். தும்மினால் திரையைப் பார்ப்பேன். பசிக்கிறதா என்றுகூடச் சிஸ்டரைத்தான் கேட்பேன்.

குழாயிலிருந்து பாலாடைக்கு வந்தோம். நம் வீடுகளில் கிடக்கும் அதே பாலாடை, மூக்கு வைத்த சின்னக் கிண்ணம். பளபளக்கும் எந்திரங்களுக்கு நடுவே அதைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. கடைவாயில் கொஞ்சமாகச் சாய்த்தால் சப்புக்கொட்டி விழுங்குவாள். பாதியை மோவாயில் வழியவிடுவாள். எடை ஏறியது. ஒவ்வொரு நாளும் தராசில் வைக்கும்போது பிரிவே கழுத்தை நீட்டும். ரஹ்மத்தின் மகன் எங்களுக்கு முன்பே வீட்டுக்குப் போனான். போகிற அன்று அவள் கண்ணாடிச் சன்னலில் போனை ஒட்டி, என் மகளைத் தன் வீட்டுக்காரருக்குக் காட்டினாள். "இவளுக்கும் துஆ செய்யுங்க" என்று அவள் சொன்னதும், அங்கிருந்து ஒரு குரல் "செஞ்சுக்கிட்டுத்தான இருக்கேன்" என்றது.

கடைசிக் கட்டமாக எங்களைத் தாய்மார் அறைக்கு மாற்றினார்கள். வீட்டுக்குப் போகுமுன் பிள்ளையோடு தனியாக இருந்து பழகுவதற்கான அறை. மருந்து நின்று, அலாரம் அடிக்காத நாட்கள் போதுமான அளவு கடந்திருந்ததால் கருவியையும் கழற்றிவிட்டார்கள். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது எனக்கு. அவள் காலில் பட்டை இருந்த இடத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அவள் நேராக என்னிடம் பால் குடிக்க வேண்டும். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது, மூன்றையும் சேர்த்துச் செய்ய வேண்டும். ஒன்று தப்பினால் புரையேறும், மூச்சு நிற்கும். அது வந்தால்தான் வீடு. டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு ஆரம்பிக்கலாம், அதுவரை பாலாடைதான் என்று ஜெசிந்தா சிஸ்டர் சொல்லியிருந்தார்.

மதியம், செவிலியர்கள் பணி மாறும் நேரம். அறையில் நானும் அவளும் மட்டும். நெஞ்சில் கட்டியிருந்தேன். தூங்கிக்கொண்டிருந்தவள் தலையை அசைத்தாள். கன்னத்தை என்மேல் தேய்த்தாள். வாயைத் திறந்து, இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை முட்டினாள். நான் பழக்கத்தில் திரையைப் பார்த்தேன். சுவர்தான் இருந்தது. கதவைப் பார்த்தேன். யாருமில்லை. கூப்பிடும் பொத்தான் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அதை நோக்கிக் கையைக் கொண்டு போனேன்.

அவள் தன் கையை வாயில் திணித்துக்கொண்டு, அது அல்ல என்று தெரிந்து, துப்பிவிட்டு, முகத்தைச் சுருக்கி ஒரு சத்தம் போட்டாள். அழுகை இல்லை. அதட்டல்.

பொத்தானுக்குப் போன கையால் அவள் தலையைப் பிடித்தேன். வைத்தேன். நழுவினாள். மறுபடி வைத்தேன். பிடித்துக்கொண்டாள்! எனக்குத் தலையிலிருந்து கால்வரை சிலிர்த்தது. சப்பினாள், சப்பினாள், நிறுத்தினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் உதட்டைப் பார்த்தேன். ரோஜா நிறம். மூக்கு விடைத்தது, காற்று போனது. விழுங்கும் சத்தம் "க்ளக்" என்று கேட்டது. மறுபடி சப்பினாள். நான் எதையும் எண்ணவில்லை. யாரிடமும் கேட்கவில்லை. அவள் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தால் எல்லாம் அங்கேயே தெரிந்தது.

கதவு திறந்தது. ஜெசிந்தா சிஸ்டர், கையில் பால் நிறைந்த பாலாடையோடு. என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், புருவம் நெரிந்தது.

"டாக்டர் இன்னும் வரலியே. யாரு குடுக்கச் சொன்னா?"

"அவதான் சொன்னா, சிஸ்டர்."

பக்கத்தில் வந்து குனிந்து அவள் உதட்டையும் மூக்கையும் நெஞ்சையும் நெடுநேரம் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பாலாடையை மூடினார்.